ஏழாம் எண் முகம்

கோகிலவாணிக்குக் கோபம் வரக் காரணம் எதுவும் தேவைப்பட்டதில்லை. பல்லடத்துக்கு மேற்கே இருந்த அந்த நூல் மில்லில் பதினைந்து வருஷமாக அவள் சூப்பர்வைசர். அறுந்த நூலைக் கவனிக்காமல் நிற்கும் பெண்ணின் அருகே போய் நிற்பாள். வாயைத் திறக்க மாட்டாள். அத்தனை மெஷின் இரைச்சலில் திட்டினால் யார் காதில் விழப் போகிறது? மில்லில் எல்லா சூப்பர்வைசர்களும் முகத்தால்தான் திட்டுவார்கள். அந்தப் பெண் திரும்பி அவளை ஒரு தடவை பார்த்தால் போதும். கை தானாக நூலைத் தேடும்.

அதனால்தான் படம் எடுக்க வந்தவர்கள் அவளைக் கண்டதும் விடவில்லை.

மூன்று மில்கள் சேர்ந்து, அவள் மில்லை ஒட்டியே ஒரு நலமையம் தொடங்கியிருந்தன. மனம் சோர்ந்து கிடப்பவர்களுக்கு அங்கே ஒரு புது மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டர் முடிவு செய்வதில்லை, ஒரு மெஷின் முடிவு செய்தது. தலையில் வலை மாதிரி ஒரு தொப்பியை மாட்டி, எதிரே திரையில் முகங்களைக் காட்டுவார்கள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், பயந்த முகம், கோபமான முகம். ஒவ்வொன்றுக்கும் மூளை எவ்வளவு துள்ளுகிறது என்று தொப்பி அளக்கும். கோப முகத்துக்கு அதிகம் துள்ளினால் மாத்திரையின் அளவு கூடும். துள்ளல் அடங்கும் வரை கூடிக்கொண்டே போகும். ஊரில் அதற்கு மூஞ்சி மாத்திரை என்று பெயர் விழுந்துவிட்டது.

மெஷினோடு வந்த படங்கள் எல்லாம் வெள்ளைக்கார முகங்கள். முதல் நாளே சிக்கல். பல்லைக் கடித்துக்கொண்டு முறைக்கும் வெள்ளைக்காரரைப் பார்த்து, "பாவம், வயித்து வலியாட்ட இருக்குது" என்று பெண்கள் சிரித்தார்கள். மூளை துள்ளவே இல்லை. உள்ளூர் முகங்கள் நாற்பது வேண்டும் என்று ஆள் பிடித்தார்கள். மற்றவர்களிடம் படக்காரர், பழைய சண்டை எதையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. கோகிலவாணியிடம் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னதோடு சரி. அவள் நிமிர்ந்து பார்த்தாள், அவர் எடுத்துக்கொண்டார். ஏழாம் எண் கொடுத்து, ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்து அனுப்பினார்கள். அவள் சிரிக்கிற படம் மூன்று தடவை எடுத்தும் சரியாக வரவில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஹாட்பாக்ஸின் மூடி உடைந்ததும் அவள் அதையும் மறந்தாள், படத்தையும் மறந்தாள்.

அடுத்த வருஷம் அவளே தன் தங்கையின் கையைப் பிடித்து அதே நலமையத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மிருதுளாவுக்கு இருபத்து நான்கு வயது. அம்மா இறந்தபோது ஒன்பது. அப்பா அதற்கும் முன்பே இல்லை. வாணி சூப்பர்வைசர் ஆனதும் அதே வருஷம்தான். வளர்த்தது, படிக்க வைத்தது, பேட்டரி வண்டி ஷோரூம் வைத்திருந்த நவநீதனுக்குக் கட்டிக் கொடுத்தது எல்லாம் வாணி. ஏழாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போன பிறகு மிருதுளா சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். தலை வாரவில்லை. பசிக்கிறது என்று சொல்லவில்லை. நவநீதன் வாசலில் நின்று, "உங்க தங்கச்சிய நீங்களே பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு ஷோரூமுக்குப் போய்விட்டான்.

மாத்திரை கேட்டது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே கேட்டது. முதல் வாரமே மிருதுளா எழுந்து வாசலுக்கு வந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தை தன்னைப் பார்த்துச் சிரித்ததாகவும், அது என்னவோ போல நன்றாக இருந்ததாகவும் போனில் சொன்னாள். இரண்டாம் மாதம் பூ வைத்துக்கொண்டாள். வாணி யாருக்கும் தெரியாமல் குளியலறையில் போய் அழுதாள்.

நான்காம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிருதுளா சுண்டுவிரலில் கட்டோடு வந்தாள்.

என்ன என்று கேட்டதற்கு, பஸ் தாமதமாக வந்ததைச் சொல்வது போலச் சொன்னாள். சோறு குழைந்துவிட்டதாம். அவர் கையைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டாராம். சொல்லிக்கொண்டே அக்காவின் அடுக்களையில் முறுக்கு டப்பாவைத் தேடினாள்.

"அவன் கதவைச் சாத்தற வரைக்கும் நீ கையை வச்சுட்டு நின்னியாடி?"

"ஆமாங்க்கா. சாத்துவார்னு தோணல."

"அவன் மூஞ்சியைப் பார்த்தா தெரியாதா?"

மிருதுளா டப்பாவைத் திறந்தாள். "பார்த்தேன். சும்மா இருந்துச்சு."

வாணி கத்தினாள். தெருவே கேட்கும்படி கத்தினாள். இனி அந்த வீட்டுப் படி ஏறக் கூடாது என்றாள். மூளை இருக்கிறதா, மானம் இருக்கிறதா என்றாள். மிருதுளா சத்தத்தைக் குறைத்து வைத்த டிவியைப் பார்ப்பது போல அக்காவைப் பார்த்தாள். ஒரு முறுக்கைக் கடித்தாள்.

"முன்னயெல்லாம் நீ இப்படி நின்னா எனக்குப் பயமா இருக்கும்க்கா" என்றாள். "இப்ப ஒண்ணும் ஆகல. நல்லா இருக்குது."

சாயங்காலம் நவநீதன் வண்டியில் வந்து ஹாரன் அடித்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை ஆட்டிவிட்டுப் போனாள்.

வாணி மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாள். இரண்டு பெண் போலீஸ்காரர்கள் போனார்கள். மிருதுளா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். விரல் கதவில் நசுங்கியது என்றாள், அதில் பொய் எதுவும் இல்லை. பயப்படாமல் சொல்லும்மா என்று அவர்கள் கேட்டபோது, எனக்கு எந்தப் பயமும் இல்லீங்க என்று சிரித்தாள். அதிலும் பொய் இல்லை. அவர்கள் திரும்பி வந்து, கூடப் பிறந்தவளின் குடும்பத்தைக் கெடுக்காதீர்கள் என்று வாணிக்குப் புத்தி சொன்னார்கள்.

அதன் பிறகுதான் வாணி லீவு போட்டுவிட்டு நலமையத்துக்குப் போனாள்.

டாக்டர் பெனிட்டா தூத்துக்குடிப் பெண். படித்து முடித்து மூன்று வருஷம்தான் இருக்கும். எதிரே வந்து உட்காராமல் நின்ற வாணியைப் பார்த்ததும், சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு அவளும் எழுந்து நின்றாள்.

வாணி கேட்டது ஒன்றுதான். என் தங்கச்சிக்கு எதைக் கொடுத்து இப்படி மரக்கட்டை ஆக்கினீர்கள்?

டாக்டர் பொறுமையாகத்தான் ஆரம்பித்தாள். "மனசு தேற வாரக்கணக்கா ஆகும். ஆனா மூளை முகங்களைப் பார்க்கிற விதம் முதல்லயே மாற ஆரம்பிச்சிரும். மிரட்டுற முகம் பழைய மாதிரி உறைக்காது. சிரிச்ச முகம் கொஞ்சம் கூடுதலா உறைக்கும். சோர்ந்து போனவங்களுக்கு ஊர்ல உள்ள எல்லா முகமும் மிரட்டுற மாதிரியே தெரியும், பாத்துக்கிடுங்க. அதைக் குறைச்சாத்தான் எந்திரிச்சு வெளிய வருவாங்க. வைத்தியமே அதுதான்."

"அடிக்கறவன் மூஞ்சியும் உறைக்காதா?"

"யார் முகம்னு மாத்திரைக்குத் தெரியாது."

"அப்ப இது வைத்தியமா, கண்ணைக் கட்டி விடறதா?"

டாக்டரின் பொறுமை அங்கே முடிந்தது. "உங்க தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தப்போ கூட்டிட்டு வந்தது நீங்கதான். சாப்பிட வச்சாப் போதும்னு சொன்னதும் நீங்கதான்."

இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். பிறகு டாக்டர் ஏதோ நினைத்தவளாக மிருதுளாவின் பதிவைத் திறந்தாள். திறந்தவள் உட்கார்ந்தாள். நலமையத்துக்கு வரும் நானூற்றுச் சொச்சம் பேரில் மிருதுளாவுக்குத்தான் அதிக அளவு. மற்றவர்கள் விழுங்குவதைப் போல மூன்று மடங்கு. மெஷின் கேட்கக் கேட்கக் கூட்டியிருந்தார்கள். மொத்தக் கணக்கை மட்டும் பார்த்ததால் ஏன் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

டாக்டர் பிரித்துப் பார்த்தாள். பத்துக் கோப முகங்களில் ஒன்பதுக்கு மிருதுளாவின் மூளை எல்லோரையும் போலத்தான் துள்ளியிருந்தது. ஒன்றுக்கு மட்டும் கோடு தாளின் உச்சி வரை போயிருந்தது. ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்றுக்குத்தான். டாக்டர் அந்தப் படத்தைத் திரையில் வரவழைத்தாள். திரையைப் பார்த்தாள். தலையைத் தூக்கி எதிரே நின்றவளைப் பார்த்தாள்.

வாணியும் எட்டிப் பார்த்தாள்.

தன் முகத்தை அவள் கண்ணாடியில் அப்படிப் பார்த்ததே இல்லை. கண்ணாடி முன்னால் நிற்கும்போது யாரிடம் கோபப்படுவது?

"என் மூஞ்சியைக் காட்டி என் தங்கச்சிக்கே மருந்து போட்டிருக்கீங்க" என்றாள்.

சொந்தக்காரர் படம் இருந்தால் மாற்றிவிடுவோம், அதற்கென்றே படிவத்தில் கேள்வி இருக்கிறது என்று டாக்டர் படிவத்தை எடுத்துக் காட்டினாள். 'இந்த முகங்களில் தெரிந்தவர் யாராவது உண்டா?' மிருதுளா தன் குண்டு குண்டான எழுத்தில் 'இல்லை' என்று எழுதியிருந்தாள்.

அன்றைக்கு அவள் இருந்த நிலையில் எதைக் கவனித்திருக்கப் போகிறாள் என்று வாணி சொன்னாள். டாக்டர் படிவத்தை மூடி வைத்தாள். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாக மற்றவர்கள் அளவுக்குக் கொண்டுவர ஆறு வாரம் ஆகும் என்றாள். அந்த ஆறு வாரம் அவள் உங்களோடு இருப்பது நல்லது என்றும் சொன்னாள்.

மிருதுளா வர மறுத்தாள். "எதுக்குக்கா? அங்க ஒரு தொந்தரவும் இல்லியே" என்றாள்.

அந்த ஆறு வாரத்தில் வாணிக்கு ஒரு யோசனை வந்தது. அளவு குறைந்ததும் நவநீதனின் கோப முகத்தைத் திரையில் காட்ட வேண்டும். மிருதுளாவின் மூளை துள்ளுவதைத் தாளில் எடுத்து, அந்தப் போலீஸ்காரர்களின் மேஜையில் போட வேண்டும். டாக்டர் முதலில் முடியாது என்றாள். மிருதுளாவிடம் கேட்டு அவள் சரி என்றால் பார்க்கலாம் என்று பிறகு இறங்கி வந்தாள். மிருதுளா சரி என்றாள். வீட்டை விட்டு வருவதைத் தவிர, அப்போது அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொன்னாள்.

ஆனால் நவநீதனின் கோப முகத்துக்கு எங்கே போவது? வெளி ஆட்கள் முன்னால் அவன் முகத்தில் வெண்ணெய் வழியும். வாணி ஒரு நாள் காலை அவன் வீட்டுக்குப் போனாள்.

"ஏனுங்க அண்ணி, வாங்க, வாங்க. காபி சாப்பிடுங்க" என்று நாற்காலியைத் தள்ளிப் போட்டான்.

அவள் அவன் வீட்டைக் குறை சொன்னாள். அவன் அம்மாவின் வளர்ப்பைக் குறை சொன்னாள். ஷோரூமில் விற்ற வண்டிகள் பாதி வழியில் நிற்பதாக ஊரே சிரிக்கிறது என்றாள். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான். கடைசியில் அவள் காபி டம்ளரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், அன்றைக்குத்தான் உறை பிரித்து நிறுத்தியிருந்த அவனுடைய புது வண்டியின் வெள்ளை சீட்டில் நிதானமாக ஊற்றினாள்.

அவன் முகம் மாறியது. ஆனால் அவன் வாணியைப் பார்க்கவில்லை. கதவருகே நின்ற மிருதுளாவைத் திரும்பிப் பார்த்தான். வாணி போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டாள்.

மிருதுளா ஈரத்துணி கொண்டு வந்து சீட்டைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் அவனையே பார்த்தாள். வாணிக்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. மருந்தின் வேகம் இறங்குகிறது என்று நினைத்துக்கொண்டாள். தான் போன பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இறங்கித் திரும்பி ஓடினாள். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. அவள் தட்டிக்கொண்டே இருந்ததால் அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை என்று பிறகு மிருதுளா சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஆறாம் வாரக் கடைசியில் சோதனை. நவநீதனே மிருதுளாவை வண்டியில் கொண்டுவந்து வாசலில் விட்டான். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டு, அங்கேயே வேப்ப மரத்தடியில் நின்றான்.

மாடியில் வாணி டாக்டரோடு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் மிருதுளாவின் முதுகும், வலைத் தொப்பியும், திரையும் தெரிந்தன. டாக்டரின் மேஜையில் நூறு வரை போகும் ஒரு கோடு இருந்தது. முன்பின் தெரியாத ஆள் ஒருவரின் கோப முகம் வந்தது. இருபது. இன்னொரு முகம். பதினெட்டு. எல்லோருக்கும் வருவது இவ்வளவுதான் என்று டாக்டர் சொன்னாள். பிறகு நவநீதன் வந்தான். கோடு ஏறியது. ஐம்பத்தைந்து.

"பார்த்தீங்களா" என்று வாணி மேஜையைத் தட்டினாள். "இதை அச்செடுத்துக் குடுங்க."

"இருங்க. ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு உங்களுதையும் ஒரு தடவை போட்டிருக்கேன். பழைய கணக்கு சரிதானான்னு தெரிஞ்சிரும்."

ஏழாம் எண் வந்தது. தொப்பிக்குக் கீழே மிருதுளாவின் தோள்கள் காதை நோக்கி ஏறின. அந்தத் தோள்களை வாணிக்குத் தெரியும். பால் கொட்டிய நாளில், மதிப்பெண் அட்டை வந்த நாளில், குடையைத் தொலைத்துவிட்டு வந்த மழை நாளில் அந்தத் தோள்கள் அப்படித்தான் ஏறும். வாணி ஒரு நாளும் அவளை அடித்ததில்லை. அதைப் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்வாள், ஒரு அடி அடிச்சு வளர்க்கல, ஒரு பார்வை போதும் என்று.

தொண்ணூற்று நான்கு.

"மெஷின் கோளாறா இருக்கும்" என்றாள் வாணி.

டாக்டர் மறுபடி போட்டாள். தொண்ணூற்று ஆறு. டாக்டர் அவளைப் பார்க்காமல் திரையை அணைத்தாள். "மெஷின் சரியாத்தான் இருக்கு" என்று மெல்லச் சொல்லிவிட்டு, தாளை அச்செடுத்து மேஜையில் குப்புறப் போட்டாள்.

மிருதுளா தலையில் ஒட்டிய பசையைத் துண்டால் துடைத்துக்கொண்டு நடைவழிக்கு வந்தாள். அங்கே பெஞ்சில் போய் உட்கார்ந்திருந்த வாணி எழுந்தாள். அந்த வேகத்தைப் பார்த்து மிருதுளா ஒரு அடி பின்னால் போனாள்.

வாணி நின்றாள். இப்போது தன் முகம் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபமாக இல்லை என்றுதான் நினைத்தாள். ஆனால் அதை எப்படி மாற்றுவது, எதை இறக்கி எதை ஏற்றுவது, ஒன்றும் பிடிபடவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேப்ப மரத்தடியில் வெள்ளை சீட்டு வண்டி தெரிந்தது.

"அந்த ஃபாரத்துல தெரிஞ்சவங்க யாரும் இல்லைன்னு எழுதியிருக்கே. கவனிக்கலியா?"

"கவனிச்சேன்."

"அப்புறம் ஏன் அப்படி எழுதுனே?"

பின்னால் துண்டை உதறி மடிக்கிற சத்தம் கேட்டது.

"உன் மூஞ்சின்னு சொன்னா எடுத்துட்டு வேற மூஞ்சி போட்டுருவாங்கன்னு தொப்பி மாட்டுன நர்ஸு சொன்னாங்க" என்றாள் மிருதுளா. "எனக்கு அதுக்குத்தான் மருந்து வேணும்னு இருந்துச்சு."

வெளியே ஹாரன் அடித்தது. மிருதுளாவின் செருப்பு சுவர்ப் பக்கம் நகர்வது வாணிக்குக் கேட்டது.

"அவன் மூஞ்சி இப்ப உறைக்குதா?"

"உறைக்குதுக்கா. நாலு நாளா, அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிரணும்னு தோணுது." குரல் தணிந்தது. "ஓடுனா எங்க வர்றதுன்னுதான் தெரியல."

வாணிக்குத் திரும்பி அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. திரும்பினால் முதலில் முகம்தானே தெரியும்.

ஹாரன் இரண்டாம் தடவை, இந்தத் தடவை நீளமாக.

"பின் படி இறங்கி, பின்னால இருக்கற கேட்டு வழியா மில்லுக்குள்ள போயிரலாம்" என்று வாணி ஜன்னலிடம் சொன்னாள். "மூணு மணிக்கு ஷிப்ட் பஸ்ஸு நிக்கும். டிரைவருகிட்ட என் பேரைச் சொல்லு. என் வீட்டுல நீ இருந்துக்க. உள்ளே பூட்டிக்க. யார் வந்தாலும் திறக்காத, நான் வந்தாலும் திறக்காத. நான் மில்லு ஹாஸ்டல்ல இருந்துக்கறேன்."

"எத்தனை நாளைக்கு?"

"உனக்குத் திறக்கணும்னு தோணற வரைக்கும்."

இடுப்பில் செருகியிருந்த வீட்டுச் சாவியை எடுத்தாள். முகத்தைத் திருப்பாமல் கையை மட்டும் பின்னால் நீட்டினாள். கீழே நவநீதன் வண்டியை விட்டு இறங்கி, நலமையத்தின் வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தான். அவன் தலை படிக்கட்டு மறைவில் போகும் வரை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை இறக்கவில்லை.

உள்ளங்கையில் சாவியின் கனம் இல்லாமல் போனது. செருப்புச் சத்தம் பின் படியில் இறங்கி, கேட்டுப் பக்கம் ஓடியது.

அது முழுவதும் ஓய்ந்த பிறகுதான் வாணி திரும்பினாள். முன் படிக்கட்டின் மேல்படியில் போய், தனக்குத் தெரிந்த ஒரே முகத்தை வைத்துக்கொண்டு, ஏறி வருகிறவனுக்காக நின்றாள்.